மூன்று குட்டை இழுப்பு

மே 2, வெள்ளி

இந்தக் கொப்பி ஹெலன் தந்தது. உண்மையில் இரண்டு தந்தாள். ஒன்று கட்டம் போட்டது. கடலில் பெரிய வெள்ளைச் சுறாவைக் கண்டால் திகதி, நேரம், ஆழம், தண்ணீரின் குளிர், முதுகில் துடுப்பாக நிற்கும் செட்டையின் வடிவம் எல்லாவற்றையும் அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றது வெறுங்கொப்பி. "படகில் சும்மா நிற்கிற நேரம் உன் பாஷையில் ஏதாவது எழுது" என்றாள். நான் சும்மா நிற்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

ஹெலன் பல்கலைக்கழகத்துக்காரி. பதினெட்டு வருடமாக இந்தச் சுறாவையே படிக்கிறாள். ஒரு மீனைப் படித்து முடிக்க இவ்வளவு காலமா என்று கேட்டேன். அது எங்கே குட்டி போடுகிறது என்பதையே இன்னும் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை என்றாள். எனக்கு அதைக் காணும் ஆசை இல்லை.

நாங்கள் இருப்பது தென் அவுஸ்திரேலியாவில் ஒரு சின்னத் துறைமுகம். வாடகை வீட்டில் மூன்று பேர். நான் செபஸ்ரியான், வயது நாற்பத்தொன்று. என் தங்கச்சி மெற்றில்டா, மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை. அவள் புருஷன் சுவக்கின். எங்களுக்குச் சொந்த இடம் இலங்கையில் மன்னார்ப் பக்கம் சிலாவத்துறை. அங்கே நானும் சுவக்கினும் சங்கு குளித்தோம். இங்கே கெவின் என்கிற வெள்ளைக்காரனின் படகில் அபலோன் பிடிக்கிறோம். அது பாறையில் ஒட்டிக் கிடக்கும் ஒற்றை ஓட்டுச் சிப்பி, உள்ளங்கை அளவு இருக்கும். இரும்புப் பட்டையால் நெம்பி எடுக்க வேண்டும். படகில் காற்றடிக்கும் இயந்திரம் ஓடும், அதிலிருந்து மஞ்சள் குழாய் இறங்கும், குழாயை வாயில் கடித்துக்கொண்டு ஒருவன் அடியில் நடப்பான். ஒப்பந்தப்படி நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி இறங்க வேண்டும், யூலை முடியும்வரை. என் இடது காது சனவரியில் இருந்து சரியில்லை. ஆகவே இறங்குவது சுவக்கின். கயிறு பிடிப்பது நான்.

கயிறு எங்கள் ஏற்பாடு. கெவினுக்கு அது வேடிக்கை. காற்றுக் குழாய் இருக்கும்போது இடுப்பில் கயிறு எதற்கு என்று கேட்டான். எங்கள் ஊரில் குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்சாதியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பான். கூடப் பிறந்த தம்பியிடம்கூடக் கொடுக்கமாட்டார்கள். காரணம் எல்லாருக்கும் தெரியும்: தன் சகோதரியை அறுதலியாக்க எவனுக்கு மனம் வரும்? இன்று காலை மெற்றில்டா கயிற்றை மடித்துக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். பருவம் தொடங்கும்போது பெண்சாதிதான் கொடுக்க வேண்டும், எங்கள் குடும்பத்தில் அப்படி.

"பிடி அண்ணை. கவனம்" என்றாள்.

மே 9, வெள்ளி

காலை ஆறரைக்கு வெளிக்கிட்டோம். கடல்சிங்கங்கள் கிடக்கும் தீவுக்குத் தெற்கே நங்கூரம். சுவக்கின் பதினாலு மீற்றரில் நின்றான். காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டது நெஞ்சுக்குள் நின்றது.

ஒன்பதே காலுக்குப் படகின் பின்னால் ஒரு கடல்சிங்கம் போனது. பெரியது. தலையைத் தூக்கவில்லை, மூச்சு விடவும் மேலே வரவில்லை, தண்ணீருக்கு ஒரு முழம் கீழே வழுக்கிக்கொண்டு போனது. மேலே சாம்பல், திரும்பியபோது வயிறு வெள்ளை. கெவினின் படகு ஏழு மீற்றர். அது படகில் பாதிக்கு மேல் இருந்தது. நன்றாகத் தின்று கொழுத்த கடல்சிங்கம். கெவின் சுக்கானடியில் போனில் கதைத்துக்கொண்டிருந்தான், பார்க்கவில்லை.

சுவக்கின் மேலே வந்து பையைக் கொட்டிவிட்டு என்னைப் பார்த்தான். "என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?"

"காது குத்துது" என்றேன்.

ஹெலனின் கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். கடல்சிங்கத்தைச் சுறா என்று எழுதினால் அவள் சிரிப்பாள். அதோடு, பயந்துகொண்டு இறங்குகிறவனுக்கு மூச்சு கூடும், கை பதறும், பாறை இடுக்கில் மாட்டிக்கொள்வான். அனுபவமுள்ளவன் அவனிடம் ஒன்றும் சொல்லமாட்டான். சொன்னால் அவன் இறங்கமாட்டேன் என்று நிற்பான், கெவின் உடனே என் பக்கம் திரும்புவான். நான் அதை நினைத்துச் சொல்லாமல் விட்டேன் என்றில்லை.

மே 10, சனி

காது வலி. வீட்டில் இருந்தேன். மெற்றில்டா உள்ளிப் பல்லைச் சுட்டுப் பஞ்சில் சுற்றிக் காதில் வைத்தாள்.

மே 17, சனி

ஹெலன் இன்று எங்களோடு படகில் வந்தாள். சுவக்கினுக்கு இங்கிலீசு மட்டுமட்டு. அவள் சொல்வதை நான்தான் அவனுக்குத் தமிழில் சொல்லுவேன். இன்று அவன் தண்ணீரில் இருந்த நேரம் அவள் எனக்குச் சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன், அவனுக்குச் சொல்லவில்லை.

வெள்ளைச் சுறாவின் மூக்கில் சின்னச் சின்னத் துவாரங்கள், உள்ளே பசை. உயிருள்ள எதன் தசை அசைந்தாலும் அதில் துளி மின்சாரம் பிறக்குமாம், நெஞ்சு துடித்தாலும் பிறக்குமாம். கிட்ட வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டும் அதை உணரும். கடிக்கிற நேரம் கண் பழுதாகாமல் இருக்க விழியைப் பின்னால் உருட்டிக்கொள்ளும், அப்போது அந்தத் துவாரங்கள்தான் வழிகாட்டும். அதன் உடம்புச் சூடு கடலை விடக் கூடியது, அதனால்தான் இந்தக் குளிரிலும் அவ்வளவு வேகம். பல் உடைந்தால் பின்வரிசைப் பல் முன்னுக்கு வரும், சாகும்வரைக்கும் வந்துகொண்டே இருக்கும். நின்று இளைப்பாற முடியாது, நீந்தினால்தான் அதற்கு மூச்சு. பெரிய பெட்டைகள் குளிர்காலத்தில்தான் இந்தத் தீவுகளுக்கு வரும். குளிர்காலம் இப்போது தொடங்குகிறது.

"நெஞ்சு வேகமாக அடித்தால் அதற்குக் கூடக் கேட்குமா?" என்று கேட்டேன்.

"நீ தண்ணீரில் இல்லையே" என்று ஹெலன் சிரித்தாள்.

ஒவ்வொன்றையும் எப்படி அடையாளம் காண்கிறாய் என்றும் கேட்டேன். முதுகுச் செட்டையின் பின்விளிம்பில் உள்ள வெட்டுக்களை வைத்து என்றாள். எங்களுக்குக் கைரேகை போல. நான் கேட்டேன்: "விளிம்பில் பிறை மாதிரி ஒரே ஒரு பெரிய வெட்டு, நுனிக்குக் கொஞ்சம் கீழே, அப்படி ஏதும் உண்டா?"

அவள் தன் போனில் ஒரு படம் தேடி எடுத்துக் காட்டினாள். அதேதான். நான்கரை மீற்றர்ப் பெட்டை, இரண்டு வருடமாகக் காணவில்லை. "இதை எங்கே பார்த்தாய்?"

கனவில் என்றேன். கடல்சிங்கத்துக்கு முதுகில் செட்டை கிடையாது என்பது எனக்கும் தெரியும்.

மே 24, சனி

காற்று. கடலுக்குப் போகவில்லை. இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றினேன், மஞ்சள் குழாயை நல்ல தண்ணீரில் கழுவிச் சுருட்டினேன், வெடிப்பு இருக்கிறதா என்று முழம் முழமாகத் தடவிப் பார்த்தேன். இரண்டு முறை தடவினேன்.

பின்னேரம் கெவின் எங்களை நிறுத்திப் பாடம் எடுத்தான். வருடா வருடம் எடுப்பானாம். சுறாவைக் கண்டால் மேலே வராதே. அடியில் கிட. பாறையில் முதுகை ஒட்டிக்கொண்டு முகத்தை வெளியே வை. படகு உன் தலைக்கு நேரே வரும், சுறா போனபிறகு ஏறு. மேலே இருக்கிறவன் கண்டால் மூன்று குட்டை இழுப்பு இழுப்பான். அதன் அர்த்தம்: கிட.

நான் அதைத் தமிழில் சொன்னதும் சுவக்கின் வாய்விட்டுச் சிரித்தான். "எங்கட ஊரில சுறா எண்டா ஒரே நீட்டு இழுப்பு. மச்சான் மேல தூக்குவான். கீழ கிடக்கிறதுக்கு நான் என்ன நண்டே?"

"இங்க காத்துக் குழாய் இருக்கு. கீழ கிடக்கலாம்" என்றேன்.

"குழாய் இருந்தா என்ன, பயம் பயம்தானே. நீ என்னைத் தூக்கு. மிச்சம் நான் பாக்கிறன்." என் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆபத்தில் மாட்டிக்கொண்டவனைத் தூக்காமல் விட என் கைக்குத் தெரியாது.

யூன் 6, வெள்ளி

அது வந்தது.

பத்து மணியிருக்கும். சுவக்கின் பன்னிரண்டு மீற்றரில். அவன் விடும் குமிழிகள் படகின் வலது பக்கம் வந்து உடைந்துகொண்டிருந்தன. குமிழிகளைத் தாண்டி இருபது முழத்தில் தண்ணீர் கறுத்தது. பிறகு அந்தக் கறுப்புக்கு வால் முளைத்தது. பிறை வெட்டை நான் கண்டேன், கையை நீட்டினால் தொடலாம் என்பதுபோல் தெளிவாகக் கண்டேன். அது அவசரப்படவில்லை. தலை குனிந்து ஆழத்துக்குள் இறங்கி மறைந்தது. காண்பதை விட மறைவது மோசம்.

நான் இழுத்தேன். யோசிக்கவே இல்லை. கெவின் சுக்கானடியில் ஏதோ கத்தினான், இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. கை மாற்றிக் கை இழுத்தேன். சுவக்கின் பாரமாக வந்தான், பாதி வழியில் தானும் உதைத்து நீந்தத் தொடங்கினான், பாரம் குறைந்தது. அவன் தலை மேலே வந்த அதே கணம் அவன் கால்களுக்குக் கீழே தண்ணீர் வெளுத்தது. கீழே இருந்து செங்குத்தாக வந்தது. அதன் வாயை நான் பார்த்தேன். அக்குளில் கைபோட்டு அவனைப் படகுக்குள் விழுத்தினேன். இடுப்பில் தொங்கிய அபலோன் பையும் இடது கால்துடுப்பும் போய்விட்டன. பையின் வார் அறுந்த இடம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது.

சுவக்கின் படகுத் தட்டில் கிடந்து தன் இரண்டு கால்களையும் மாறி மாறித் தடவிப் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதான்.

கெவின் ஒரே ஒரு சொல் சொன்னான்: "அதிர்ஷ்டம்." அவன் முகம் என்னவோ போல் இருந்தது.

யூன் 7, சனி

மெற்றில்டா வேலைக்குப் போகவில்லை. கோழி வாங்கிக் கறி வைத்தாள், புட்டு அவித்தாள், மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள். சாப்பிடும்போது என் தட்டில் நெஞ்சுத் துண்டு எல்லாம் விழுந்தது. என் கையை எடுத்து முத்தமிட்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் எனக்கு அப்படிச் செய்யவில்லை.

"அண்ணை பிடிச்சிருக்கேக்க எனக்கென்ன பயம்" என்றாள்.

சுவக்கின் சிலாவத்துறைக்குப் போன் எடுத்து எல்லாருக்கும் சொன்னான். கதையில் சுறா ஆறு மீற்றர் ஆகிவிட்டது, நான் ஒற்றைக் கையால் தூக்கினேன். திருத்தவில்லை. ஒருநாள் பெரிய மனிதனாக இருந்துவிட்டுப் போகிறேன்.

யூன் 9, திங்கள்

ஹெலன் வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேசையில் நாங்கள் நாலு பேர். நடந்ததைச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். நான் இழுத்ததைக் கேட்டதும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது இது. வெள்ளைச் சுறா பெரும்பாலும் ஆழத்தில் இருந்து மேலே பார்த்துத்தான் வேட்டையாடும். அடியில் பாறையோடு கிடக்கிறவன் அதற்குப் பாறை. வெளிச்சத்துக்கு எதிரே நிழலாகத் தெரிந்து, உதைத்துக்கொண்டு மேலே போகிறது எதுவோ அது கடல்சிங்கம். அது சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கும், பல தடவை அப்படித்தான் போகும். நீ அவனைத் தூக்கிய கணத்தில்தான் அவனை அதற்கு இரையாகக் காட்டினாய். பை தொங்கியிருக்காவிட்டால் அவன் கால் இல்லை. "இதை அவனுக்குச் சொல்லு. ஒரு சொல் விடாமல் சொல்லு. அடுத்த முறை அவன் கீழே கிடக்க வேண்டும். நீ இழுக்கக்கூடாது."

சுவக்கின் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெற்றில்டாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் சொதி கொதித்தது.

"என்னவாம் மச்சான்?"

"உனக்கு ஆயுள் கெட்டியாம். என்னை மாதிரி ஒரு மச்சான் கிடைக்கக் குடுத்து வைச்சிருக்க வேணுமாம்" என்றேன்.

சுவக்கின் எழும்பி ஹெலனுக்குக் கை கொடுத்து, தனக்குத் தெரிந்த இங்கிலீசில் மூன்று தரம் நன்றி சொன்னான். விளங்கிக்கொண்டான் என்று அவளும் நிம்மதியாகப் போனாள்.

நாளைக்குச் சொல்லுவேன். இன்று அவர்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள், அதைக் கெடுப்பானேன்.

யூன் 10, செவ்வாய்

மழை. சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை.

யூன் 13, வெள்ளி

புதுக் கால்துடுப்பு வாங்கினோம். கடையில் சுவக்கின் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். சொல்லவில்லை.

யூன் 17, செவ்வாய்

காது வலி இல்லை. அதாவது, கொஞ்சம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடல் என்று கெவின் செய்தி அனுப்பியிருக்கிறான். காற்று அடிக்குமா என்று காலநிலை அறிவிப்பை நாலு தரம் பார்த்தேன், இறங்கப் போகிறது நான் அல்ல என்றாலும்.

யூன் 20, வெள்ளி

பின்னேரம் நாலு மணி. சமையலறை மேசையில் இருந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக வருகிறது, பரவாயில்லை.

புது இடத்தில்தான் நங்கூரம் போட்டோம், தீவில் இருந்து நல்ல தூரம். சுவக்கின் இறங்க முன் இடுப்புக் கயிற்றை ஒரு தரம் சுண்டிப் பார்த்தான். "ஒரு நீட்டு இழுப்பு. ஞாபகம்தானே?" என்றான். நான் தலையை ஆட்டினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். படகுத் தட்டில் நாங்கள் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நின்றோம், குறைந்தது அரை நிமிடம். சொல்லவில்லை.

பத்தரைக்குக் கயிறு நீளமாக ஒருமுறை இழுபட்டது.

அவன் கண்டுவிட்டான். எனக்கு மேலே இருந்து ஒன்றும் தெரியவில்லை, வெயிலில் தண்ணீர் கண்ணாடியாக மினுங்கியது. கெவினிடம் சத்தம் போட்டேன். அவன் படகைத் திருப்பத் தொடங்கினான், ஆனால் அந்த இடத்தில் பாறை முதுகு மேலே நிற்கிறது, அலையோடு நேரே போக ஏலாது, சுற்றித்தான் போக வேண்டும். அந்த நேரம் குமிழிகளுக்கு அருகே அது மேலே வந்து, பக்கவாட்டில் சரிந்து, ஒரு கண்ணால் படகைப் பார்த்தது. கறுத்த கண். பிறகு கீழே போனது.

என் கைகள் இழுக்கப் போயின. உண்மையைச் சொல்கிறேன், ஒரு முழம் இழுத்தும் விட்டேன். ஹெலன் கோப்பையைக் கீழே வைத்த சத்தம் காதில் கேட்டது. நிறுத்தினேன். மூன்று குட்டை இழுப்பு இழுத்தேன். கிட.

கீழே இருந்து பதில்: ஒரு நீட்டு இழுப்பு.

மறுபடி மூன்று குட்டை. மறுபடி நீட்டு. அவன் சொல்வது எனக்கு விளங்குகிறது, நான் சொல்வதை அவன் நம்பவில்லை. ஏன் நம்பப் போகிறான்? இழுத்தவன் காப்பாற்றினான் என்று அவனுக்குச் சொன்னவன் நான்தானே. நான்கு, ஐந்து, ஆறு. ஏழாவது இழுப்பில் என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவன் தன் முழுப் பலத்தோடும் என்னைக் கூப்பிட்டான், நான் படகில் குந்தியிருந்து அழுதேன்.

பிறகு குமிழிகள் பெரிதாகின. அவன் தானே ஏறத் தொடங்கிவிட்டான். இறுகிய கயிற்றைப் பிடித்து ஏறுகிறான்.

நான் கயிற்றை விட்டேன். கையில் இருந்த ஆறேழு முழத்தையும் ஒரேயடியாகத் தண்ணீரில் விட்டேன். கடைசி நுனியைப் படகோரத்து இரும்புக் கொம்பில் சுற்றிவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தேன்.

குமிழிகள் நின்ற இடத்திலேயே நின்றன. பிறகு சிறுத்தன. அவன் அடிக்குப் போய்விட்டான் என்று விளங்கியது. அதன்பிறகு கயிறு அசையவே இல்லை.

இயந்திரத்துக்கு எண்ணெய் போதுமா என்று மூன்று தரம் பார்த்தேன். கெவின் படகைச் சுற்றிக் கொண்டுவந்து அவன் தலைக்கு நேரே நிறுத்தப் பதினொரு நிமிடம். அது இன்னும் இரண்டு தரம் வந்து போனது. கடைசியாகக் கண்டதில் இருந்து இன்னொரு பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். கெவின் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையசைத்ததும் நான் ஒரு நீட்டு இழுப்பு இழுத்தேன். பதில் இல்லை. எனக்கு உயிர் போய்விட்டது. மெல்ல இழுத்தேன். பாரம் வந்தது. உயிருள்ள பாரம்.

சுவக்கின் தட்டில் ஏறி, வாய்க்குழாயைத் துப்பிவிட்டு, என்னை ஓங்கி அறைந்தான். வலது பக்கம். திரும்பி வரும் வழியெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். கெவின் என் கையைப் பிடித்து, நல்ல வேலை செய்தாய் என்றான். எனக்கு வாந்தி வந்தது.

யூன் 21, சனி

மெற்றில்டா காலையில் என் அறை வாசலில் வந்து நின்றாள். தொழிற்சாலை உடுப்போடு, தலையில் வலைத் தொப்பியோடு.

"அவர் இழுத்தவராம். நீ இழுக்கேல்லையாம்."

"ஓம்."

"பிறகு கயித்தை விட்டிட்டியாம்."

"ஓம்."

"கயிறு தளர்ந்தவுடன நீ தன்னை விட்டிட்டாய் எண்டு நினைச்சாராம். கை கால் எல்லாம் சோர்ந்து, கல்லு மாதிரி அடியில போய் இருந்தாராம். செத்தன் எண்டு நினைச்சுக்கொண்டு பாறையில சாய்ஞ்சு இருந்தாராம்." அவள் வலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினாள். "நான் உன்ர கையில ஏன் தந்தனான் அண்ணை? வேற ஆக்கள் இல்லாமலே தந்தனான்?"

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஒன்பதாம் திகதியைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் திகதியைச் சொன்னால் மே மாதத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் காதைச் சொல்ல வேண்டும். அவள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

யூன் 22, ஞாயிறு

பூசைக்குப் போனோம். மூன்று பேரும் தனித்தனியே மூன்று வாங்கில் இருந்தோம்.

யூன் 23, திங்கள்

சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில், கறியை அள்ளும் முன். முதலில் ஹெலன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன், அன்று சொல்லியிருக்க வேண்டியபடி. யூன் ஆறாம் திகதி நான் அவனைக் காப்பாற்றவில்லை, கடிக்கக் கொடுத்தேன் என்றேன். இருபதாம் திகதி ஏன் இழுக்கவில்லை என்று சொன்னேன். பிறகு மே ஒன்பதாம் திகதியே அதைப் பார்த்தேன் என்றேன்.

சுவக்கின் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீ இறங்கமாட்டாய். பிறகு என்னை இறங்கச் சொல்லுவாங்கள்."

"உனக்குக் காது வருத்தமெல்லோ?"

"காது நல்லா இருக்கு. டொக்டர் பெப்ரவரியிலயே சொல்லிப்போட்டார். எனக்குப் பயம். இந்தத் தண்ணியைக் கண்ட நாளில இருந்து பயம்."

நான் எதிர்பார்த்தது இன்னொரு அறை. அவன் அறையவில்லை. மெற்றில்டாதான் எழும்பினாள். உள்ளிப் பல் சுட்டு வைத்தவள் அவள். அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கதவால் வெளியே போய்க் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுக்கத் தொடங்கினாள். காயாதவற்றையும் எடுத்தாள்.

சுவக்கின் கேட்டான். "எனக்கு மட்டும் பயம் இல்லையெண்டு நினைச்சனியே?"

கறி ஆறிப்போய்விட்டது.

யூன் 27, வெள்ளி

காலை ஐந்தரைக்குச் சமையலறைக்கு வந்தபோது கயிறு மேசையில் இருந்தது. மெற்றில்டா அதை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து மடித்திருந்தாள். என் கையிலும் தரவில்லை, அவன் கையிலும் தரவில்லை. நடுவில் வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றினாள்.

"ஒராள் இறங்குங்கோ. மற்றாள் பிடியுங்கோ. எனக்கு இரண்டு பேரும் வேணும்" என்றாள்.

நான் கதவுக்குப் பின்னால் தொங்கிய ரப்பர் உடுப்பை எடுத்தேன். ஆறு மாதமாகத் தொடாதது, கக்கத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. சுவக்கின் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டான்.

பதினொரு மீற்றர். பச்சைத் தண்ணீர். எட்டு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வாய்க்குழாய்க்குள் என் மூச்சு எனக்கே கேட்டது. ஹெலன் சொன்ன பசைத் துவாரங்கள் நினைவுக்கு வந்தன. நெஞ்சு அடிக்காதே என்று நெஞ்சுக்குச் சொன்னேன், அது இன்னும் கூட அடித்தது. முப்பது அபலோன் நெம்பினேன். முப்பத்தொன்றாவதில் சின்ன மீன்கள் எல்லாம் ஒரேயடியாகப் பாறை இடுக்குக்குள் ஓடி ஒளிந்தன.

நான் ஒன்றையும் காணவில்லை. மேலே பார்த்தேன், வெளிச்சம்தான். ஆனால் கை என்னைக் கேட்கவில்லை. ஒரு நீட்டு இழுப்பு இழுத்தேன்.

மேலே இருந்து பதில்: மூன்று குட்டை.

மறுபடி இழுத்தேன். இந்தக் கொப்பியில் இனிப் பொய் எழுதுவதில்லை, ஆகவே எழுதுகிறேன்: கெஞ்சி இழுத்தேன். மறுபடி மூன்று குட்டை. அது மேலே நிற்கிறது. அல்லது மச்சான் பழி தீர்க்கிறான். எதுவென்று அடியில் இருந்து எனக்குத் தெரியாது, இரண்டுக்கும் நான் கடன்பட்டவன். பாறையில் முதுகை ஒட்டினேன். முழங்காலை மடித்தேன். எங்கள் அம்மா சொல்லித் தந்த செபத்தில் பாதியும் சிலாவத்துறைப் படகுகளின் பெயர்களுமாக மாறி மாறிச் சொன்னேன். குளிர் எலும்புக்குள் போனது. கயிறு என் இடுப்பில் இருந்து பச்சைக்குள் ஏறி மறைந்தது, இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. பிடித்திருக்கிறான் என்று மட்டும் தெரிந்தது.

எவ்வளவு நேரமோ. பிறகு படகின் நிழல் தலைக்கு நேரே வந்து நின்றது. ஒரு நீட்டு இழுப்பு வந்தது. ஏறினேன்.

சுவக்கின் என்னை இழுத்துத் தட்டில் போட்டான். அவன் உள்ளங்கை இரண்டும் உரிந்து இரத்தமாக இருந்தன. கயிற்றை இரும்புக் கொம்பில் மூன்று சுற்றுச் சுற்றி, மிச்சத்தைத் தன் கால்களுக்கு நடுவில் கொடுத்து அதன்மேல் இருந்திருக்கிறான்.

"இருந்ததா?" என்று கேட்டேன். பல் அடித்துக்கொண்டது.

"இருந்தது. பிறை வெட்டு. உனக்கும் எனக்கும் நடுவில, இருபத்தாறு நிமிசம்." அவன் தன் கையைப் பார்த்தான். "நீ கூப்பிட்டனி. நான் இழுக்கேல்லை." இரத்தத்தைத் தொடையில் துடைத்தான். "எப்பிடியடா அண்டைக்கு நீ இருந்தனி?"

என் ரப்பர் கையுறையைக் கழற்றி என் உள்ளங்கையைக் காட்டினேன். அதில் தோல் இன்னும் சரியாக ஆறவில்லை. அவன் தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

கெவின் தேநீர் தந்தான். ஈரக் கையோடு ஹெலனின் கட்டம் போட்ட கொப்பியை எடுத்து இன்றைய வரியை நிரப்பினேன். யூன் இருபதையும் ஆறையும் முன்பே சரியாக எழுதியிருந்தேன். பிறகு பக்கங்களைப் பின்னுக்குத் திருப்பினேன். சுவக்கின் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தான். "இல்லை" என்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு வெட்டினேன்.

மே 9. காலை 9.15. பதினாலு மீற்றர். பார்த்தேன்.